சிவகோசரியார் கட்சி

கண்ணப்ப நாயனார் கதையில் நான் சிவகோசரியார் கட்சி. கொமரலிங்கத்தில் மார்கழிக் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சுண்டல் வாங்கித் தின்ன முடியாது. "சாமியே கண்ணப்பனைத்தான் பெருசுன்னு சொல்லிப்போட்டாரு, உனக்கென்ன அம்மிணி வந்துச்சு?" என்று கேட்பார்கள். சாமி சொன்னது சரியாகவே இருக்கட்டும். அந்தக் காளத்தி மலையில் தினமும் விடிகாலையில் வந்து இடத்தைச் சுத்தம் செய்தது யார் என்பதுதான் என் கேள்வி.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிற்பாடு கண்ணப்பன் ஆன திண்ணன் ஒரு வேடன். கை இரண்டும் ஒழியாததால் ஆற்றுத் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு வந்து லிங்கத்தின் மேல் உமிழ்கிறான். இறைச்சியைக் கடித்துப் பதம் பார்த்துப் படைக்கிறான். பழைய பூவைச் செருப்புக் காலால் ஒதுக்குகிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதி வைத்ததைக் கேட்டு இன்றைக்கும் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், நானும்தான். ஆனால் அதே கதையில் இன்னொருவர் வருகிறார். எலும்பும் இறைச்சியும் சிதறிக் கிடப்பதைப் பார்த்துப் பதறுகிறார். எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளுகிறார். பொன்முகலியில் மறுபடி குளித்து வந்து, விதிப்படி பூசையை முடிக்கிறார். மறுநாள் வந்தால் திரும்பவும் எலும்பு. திரும்பவும் பெருக்குகிறார். யார் செய்வது என்று தெரியாது, ஏன் என்றும் புரியாது, ஆனாலும் ஒரு நாள்கூட வராமல் இருந்துவிடவில்லை. அறுபத்துமூவர் வரிசையில் கண்ணப்பர் கம்பீரமாக நிற்கிறார். சிவகோசரியாருக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது.

நான் பிழைப்புக்குச் செய்வது சிவகோசரியார் வேலை. டென்டல் ஹைஜீனிஸ்ட். இரண்டு வருடப் படிப்பு. 1948-இல் வந்த பல் மருத்துவர் சட்டத்திலேயே எங்களுக்கு ஒரு பெயரும் ஒரு பதிவேடும் உண்டு. ஆனால் சட்டம் வந்து இத்தனை காலமாகியும் உடுமலை பஸ்ஸில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருத்தருக்கும் அப்படி ஒரு வேலை இருப்பது தெரியாது. "பல்லு கிளீன் பண்ற அம்மா" என்றால் புரியும். பல் கிளினிக்கில் இருந்தவரை அந்தப் பெயரே போதுமாக இருந்தது. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் பக்கவாதக்காரர்களும் தலைக்காயக்காரர்களும் படுத்திருக்கும் வார்டுக்கு வந்த பிறகுதான் இது பல் சம்பந்தப்பட்ட வேலை மட்டுமல்ல என்று தெரிந்தது.

அந்த வார்டில் ஒரு நோயாளிக்குக் கை காலுக்கு ஆள் உண்டு. பிசியோ வந்து நிறுத்திப் பார்ப்பார், நடக்க வைப்பார். பேச்சுக்கு ஒருவர் வருவார். மலஜலத்துக்கு ஆயா. முதுகில் புண் வராமல் திருப்பிப் போட சிஸ்டர். வாய்க்கு மட்டும் யாரும் இல்லை. சிஸ்டர் அதை ஆயா பார்ப்பாள் என்று நினைப்பார், ஆயா வீட்டு ஆட்கள் பார்ப்பார்கள் என்று நினைப்பாள், வீட்டு ஆட்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்ப்பார்கள் என்று இருப்பார்கள். மலத்தைத் துடைக்க முகம் சுளிக்காத மருமகள்கூட மாமனார் வாயில் விரல் வைக்கத் தயங்குவாள். காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. மலம் கிடந்தால் வார்டுக்கே தெரியும். வாய் மூடியிருந்தால் யாருக்கும் தெரியாது.

ஒரு டைலர் வந்திருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தவர், ஐம்பதைத் தாண்டிய வயது, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வாயைத் திறந்து டார்ச் அடித்தேன். மேல் முன்பல் இரண்டின் நுனியிலும் சின்னதாக ஒரு பள்ளம். வருஷக்கணக்காகப் பல்லால் நூல் கடித்து அறுத்ததில் விழுந்த பள்ளம். கேஸ் ஷீட்டில் 'தொழில்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள், வாயில் அது எழுதியிருந்தது. வலது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் முதல் நாள் இரவுச் சோறு அப்படியே உருண்டையாக இருந்தது. அதன் நடுவில் பாதி கரைந்த ஒரு மாத்திரை. அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால் அங்கே சோறு இருப்பது அவருக்கே தெரியாது. நாக்கின் மேல் தயிர் ஏடு மாதிரி தடித்த படலம். அண்ணத்தில் காய்ந்த சளி தோல் போல ஒட்டியிருந்தது.

அதைப் பிய்க்கக் கூடாது, பிய்த்தால் ரத்தம் வரும். முதலில் அவரை நல்ல பக்கம் கீழே வரும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தேன். அப்போதுதான் தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் கன்னத்தில் தேங்கும். விரலில் ஈரமான காஸைச் சுற்றி உதட்டை நனைத்தேன். பிறகு கன்னத்தின் உள்பக்கம், சோற்று உருண்டை. அண்ணத்தில் ஈரப்பசை தடவி ஊற விட்டு, அது ஊறும் நேரத்தில் பல்லைத் தேய்த்தேன். மெத்தென்ற குழந்தை பிரஷ், பேஸ்ட் இல்லாமல். ஒரு கையில் பிரஷ், மறு கையில் சக்ஷன் குழாய். நாக்கை உள்ளிருந்து வெளியே மட்டும் வழித்தேன். கடைசியில் அந்தத் தோல் தானாகக் கழன்று வந்தது. அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வேண்டாம் என்கிறாரா, இன்னும் செய் என்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தேன்.

இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்று வீட்டு ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான். நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. அத்தனையையும் நாமே விழுங்குகிறோம், தூக்கத்திலும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசை சொன்னபடி கேட்காது. எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் வழியும். நமக்கானால் இருமி வெளியே தள்ளிவிடுவோம், அவருக்கு இருமல்கூட வராமல் போகலாம். வாய் சுத்தமாக இருந்தால் உள்ளே போவது வெறும் ஈரம். வாய் அழுக்காக இருந்தால் உள்ளே போவது கிருமிக் கூட்டம். நிமோனியா அப்படித்தான் வருகிறது. மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுகிறவருக்கு வாய் சுத்தம் தேவையில்லை என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். மெல்லாத வாயில் எச்சில் ஊறுவது குறைந்து அழுக்கு சீக்கிரம் கட்டும். காய்ச்சல் வந்தால் பிசியோ நிற்கும். பிசியோ நின்றால் நேற்று தூக்க முடிந்த காலை இன்று தூக்க முடியாது. நடை திரும்புவது காலில் மட்டும் நடக்கிற காரியமில்லை என்று இந்த வார்டில்தான் கற்றுக்கொண்டேன்.

ஜப்பானில் யோனெயாமா என்ற பல் மருத்துவரும் கூட்டாளிகளும் 11 முதியோர் இல்லங்களில் 417 பேரை வைத்து இரண்டு வருடம் பார்த்தார்கள். பாதிப் பேருக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொரு வேளையும் பல் தேய்த்து விட்டு, வாரம் ஒரு தரம் பல் மருத்துவரோ ஹைஜீனிஸ்டோ வந்து சுத்தம் செய்தார்கள். மீதிப் பேரை வழக்கம்போல விட்டார்கள். விடப்பட்டவர்களில் நிமோனியா கண்டவர்கள் 19 சதவீதம், சுத்தம் செய்யப்பட்டவர்களில் 11. முதல் முடிவு 1999-இல் லான்செட்டில் வந்தது, விரிவான கட்டுரை 2002-இல். 2024-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பல் தேய்த்து விட்டால் மருத்துவமனையில் வரும் நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்றார்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. அதே 2024-இல் ஜப்பான் அரசு உடற்பயிற்சி, சத்துணவு, வாய்ப் பராமரிப்பு மூன்றையும் ஒன்றாகச் செய்யும் மருத்துவமனைகளுக்குத் தனிக் கட்டணமே வைத்துவிட்டது. நம்மூர் வார்டுகளிலோ முக்கால்வாசிப் பேர் வழக்கம்போல விடப்பட்ட அந்த இரண்டாவது குழுதான், யாரும் ஆய்வு செய்யாத குழு.

ஏன் இப்படி என்று யோசித்தால் ஆள் பற்றாக்குறை, காசு என்று காரணங்கள் வரும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது, அதை எங்கள் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தேன்.

எங்கய்யன் ஊரில் ஒரு அம்மன் கோயிலுக்குப் பூசாரி. நோன்பு சாட்டிவிட்டால் படையல் பொங்கும்போது வாயை மஞ்சள் துணியால் கட்டிக்கொள்வார். மூச்சுக் காற்றோ எச்சில் துளியோ சாமி சோற்றில் படக் கூடாது. கதிர்காமத்தில் முருகனுக்குப் பூசை செய்யும் கப்புறாளையும் வாயைக் கட்டிக்கொள்வதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பூவை மோந்து பார்த்தால் அது சாமிக்கு ஆகாது. டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்க நான் நடக்கப் பழகும்போதே பழகினேன். இந்த ஒழுக்கத்தை நான் கிண்டல் செய்யமாட்டேன். கொரோனா வந்தபோது உலகம் முழுக்க வாயைக் கட்டியது, எங்கய்யனுக்குச் சிரிப்பு. ஆனால் இதே ஒழுக்கம்தான், யார் அண்ணாந்து குடிக்க வேண்டும், யாருக்குத் தனி டம்ளர் என்று டீக்கடையில் சாதியையும் பிரித்தது. அதைச் சொல்லாமல் இதை மட்டும் மெச்சுவது நேர்மையில்லை.

இந்த விதிகள் எல்லாம் ஒரே திசையில் பார்க்கின்றன. என் வாயிலிருந்து சாமியைக் காப்பாற்றுகின்றன, அடுத்தவரைக் காப்பாற்றுகின்றன. வாய்க்குச் சொந்தக்காரரையே அவருடைய வாயிலிருந்து காப்பாற்றுவதற்கு எந்த விதியும் இல்லை. தேவைப்படவில்லை, ஏனென்றால் ஆறோ கிணறோ போய் வேப்பங்குச்சி கடித்துக் கொப்பளித்துத் துப்ப ஒவ்வொருவருக்கும் கை இருந்தது. கை போன மனிதனை அந்த விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து பழனிப் பக்கம் போனால் ஐவர்மலை. மலையில் சமணத் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள், கி.பி. 870-ஐச் சேர்ந்த வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. திகம்பரத் துறவிகளின் இருபத்தெட்டு அடிப்படை விரதங்களில் பல் துலக்காமல் இருப்பதும் ஒன்று. உடம்பை அலங்கரிக்காதே, அதில் வாழும் சிற்றுயிருக்கும் தீங்கு செய்யாதே என்ற கண்டிப்பு அது. கேட்டதும் என் தொழிலுக்கு எதிர்க்கட்சி என்று தோன்றியது. அப்புறம்தான் வித்தியாசம் பிடிபட்டது. அந்தத் துறவிக்குக் கை இருந்தது, அவர் வேண்டாம் என்று வைத்தார். படுக்கையில் கிடக்கிறவர் எதையும் வைக்கவில்லை, அவர்மேல் வைக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்க்க இரண்டு வாயும் ஒன்றுபோல இருக்கலாம். ஒன்று தவம், மற்றது கைவிடல்.

எனக்குத் தாங்காதது வாய்க்கரிசி. சடங்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், உயிர் போன வாய்க்கு அரிசி போட ஒறம்பரை எல்லாம் வரிசையில் நிற்கும். யார் முன்னால் போடுவது என்று சண்டைகூட வரும். அதே வாய் மூன்று மாதம் காய்ந்து வெடித்துக் கிடந்தபோது ஈரத்துணி வைக்க அந்த வரிசையில் ஒருத்தர் வரவில்லை. செத்த வாய்க்கு உள்ள மரியாதை உயிருள்ள வாய்க்கு ஏன் இல்லை? உடம்பைக் கோயிலாகக் கண்ட திருமூலர், வாய்க்கு அந்தக் கோயிலின் நுழைவாயில் என்ற இடத்தைக் கொடுத்தார். அப்பர் பெயரே நாவுக்கரசர். அவர் கையில் இருந்ததோ கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் உழவாரப் படை. சுத்தம் செய்வதே வழிபாடு என்று நம் சைவம் சொல்லாமல் இல்லை. கல் தரைக்குச் சொன்னதைச் சதைக்குச் சொல்ல விட்டுவிட்டது.

இங்கேதான் கண்ணப்பனிடம் எனக்குப் பேச்சுவார்த்தை. அன்பு குறைவாக இருப்பதால் வார்டில் யாரும் சாவதில்லை. அன்பு ததும்புகிறது. டைலருடைய மனைவி ராத்திரி சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் புருஷன் வாயில் ஸ்பூனால் பால் ஊற்றினாள். "நாக்கு காஞ்சு கெடக்குதுங்க, பாத்துட்டு எப்படிங்க இருக்கறது?" என்று அழுதாள். படுத்த வாக்கில், இருமல் இல்லாத தொண்டையில், அந்தப் பால் எங்கே போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தன் வாயில் இருந்ததைச் சாமி மேல் உமிழ்ந்த திண்ணனுக்கும் அவளுக்கும் மனத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் லிங்கத்துக்கு நுரையீரல் இல்லை. மனிதருக்கு இருக்கிறது. அன்பு வைத்துவிட்டுப் போனதை அள்ளி, கழுவி, எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டுமோ அந்த வரிசையில் செய்ய ஒரு சிவகோசரியார் வேண்டும்.

இதை எங்கய்யனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் சொன்னேன். ராஜவாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த சமயம், நாற்று வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுவிட்டு, "அவரு சுத்தம் பண்ணுனது சாமிக்காகன்னு யாரு சொன்னா? தன் மடி கெட்டுப்போச்சேன்னு பண்ணுனாரு" என்றார். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது, ஏனென்றால் அது சரி. அருவருப்பில் சுத்தம் செய்கிற கையை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, காஸை ஆழமாகத் திணித்து, ஒரே இழுப்பு. வேலை முடிந்துவிடும், ஈறு புண்ணாகிவிடும். பேச முடியாத நோயாளி அடுத்த முறை அந்தக் கையைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொள்வார். 'ஒத்துழைக்கவில்லை' என்று ஷீட்டில் எழுதிவிடுவார்கள். எங்கய்யன் அதோடு விடவில்லை. "சாமி கண்ணுல ரத்தம் வந்தப்ப கண்ணப்பன் எடுத்த எடுப்புல கண்ணத் தோண்டல. மொதல்ல காட்டுக்குள்ள போயி பச்சிலை தேடிப் பிழிஞ்சு பாத்தான். அவனுக்கும் வைத்தியம் தெரியும் கண்ணு."

அது பெரிய புராணத்தில் அப்படியேதான் இருக்கிறது. என் கட்சிக்கு அது நல்ல அடி. ஆனாலும் கதையின் கடைசியில் சாமி என்ன செய்தார்? சிவகோசரியாரைத் துரத்தவில்லை. மறைந்து நின்று பார் என்றார். பெருக்கித் தள்ளுகிற ஆள், தான் பெருக்குவது எதை என்று ஒரு தரமாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. பார்த்த பிறகு மறுநாள் அவர் பூசைக்கு வந்தாரா, எப்படிச் செய்தார் என்று கதை சொல்லவில்லை. எனக்கு அந்த மறுநாள்தான் தெரிய வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே பிசியோ வருகிறார், பிரஷர் மாத்திரை வருகிறது. நல்ல திட்டம், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதனால் எழுந்து உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கொண்டு வரும் பையில் ஒரு மெத்தென்ற பிரஷும், வீட்டு ஆட்களுக்குச் செய்து காட்ட ஒரு கால் மணி நேரமும் சேர்ந்தால் போதும். பெரிய செலவில்லை. ஹைஜீனிஸ்ட் எல்லா ஊருக்கும் கிடைக்கமாட்டார்கள். வருகிற சிஸ்டருக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

டைலர் வீட்டுக்குப் போகும்போது ஊன்றுகோலோடு நான்கடி நடந்தார். நிமோனியா வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், பிசியோவுக்கும் மருந்துக்கும் பங்கு உண்டு. மனைவிக்கு எல்லாம் செய்து காட்டியிருந்தேன். ஒருக்களிக்க வைப்பது, கன்னத்தில் விரல் விட்டுப் பார்ப்பது, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் சாய்ந்து உட்கார வைப்பது. கிளம்பும்போது தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள். "வெள்ளிக்கெழம விளக்கு வெக்கறமுங்க. இவுங்க வாயில கைய வெச்சுப்போட்டு விளக்கப் பொருத்தலாமுங்களா? தலைக்கு ஊத்தோணுமுங்களா?"

எங்கய்யனைக் கேட்டிருந்தால் குளித்துவிட்டுப் பொருத்தச் சொல்லியிருப்பார். நான் யோசித்தேன். மூன்று வேளை சமையல், ஒரு ஆளைத் திருப்பிப் போடுவது, துணி, பீஸ் ரேட்டுக்குக் காஜா எடுக்கும் மகள். இதில் மூன்று வேளையும் தலைக்கு ஊற்றச் சொன்னால் இரண்டாம் வாரமே வாய் தேய்ப்பதை விட்டுவிடுவாள், விளக்கை விடமாட்டாள். "கைய சோப்புப் போட்டுக் கழுவுனாப் போதும்" என்றேன். "ஆனா விளக்குக்கு முன்னால கழுவுறதவிட, அவுங்க வாயத் தொடறதுக்கு முன்னால நல்லாக் கழுவோணும். உங்க கை சுத்தம் சாமிக்கு வேணுமோ என்னமோ, அவுங்களுக்குக் கட்டாயம் வேணும்."

அவள் தலையாட்டிவிட்டு எந்த சோப்பு என்று கேட்டாள். துணி சோப்பைத் தவிர எது வேண்டுமானாலும் என்றேன்.